டிரையல்ஸ் பைக்கில் கார்புரேட்டர் ஜெட் அமைப்பு

பாறையிலும் சேற்றிலும் கால் ஊன்றாமல் கடக்கவேண்டிய டிரையல்ஸ் போட்டி பைக்குகளுக்கு, ஜெட்டுகளை (பெட்ரோல் பாயும் சிறு துளைகளை) மாற்றிப் பெட்ரோல்–காற்றுக் கலவையைச் சரிசெய்யும் வேலை இது. பிரிட்டிஷ் வீரர் மிக் ஆண்ட்ரூஸின் பங்களிப்பில் உருவான யமஹா டிஒய் போன்ற சிறு டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் பெரும்பாலும் கால்பங்கு ஆக்சிலேட்டருக்குள்ளேயே ஓடுகின்றன. ஆகவே குறைந்த ஆக்சிலேட்டரில் கலவையைத் தீர்மானிக்கும் பைலட் ஜெட்டும் காற்றுத் திருகுமே இங்கு முதன்மை. எஞ்சின் சூடானபின் திருகை மெல்லத் திருப்பி, ஐட்லிங் வேகம் உச்சம் தொடும் இடத்தைக் கண்டறிய வேண்டும். முழுதாக மூடிய நிலையிலிருந்து ஒரு சுற்றுக்குள்ளேயே அது வந்துவிட்டால் பெரிய பைலட் ஜெட் தேவை. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் சிறியது. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழிறக்கினால் நடுவேகத்தில் பெட்ரோல் கூடும். முழு ஆக்சிலேட்டருக்கான மெயின் ஜெட் அரிதாகவே வேலைசெய்கிறது என்று அதை அளவுக்கு மீறிச் சிறிதாக்குவது ஆபத்து: பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.