எதிர்த்தரப்பைச் சாட்சியம் அளிக்க வரவழைத்தல்: கலிபோர்னியச் சட்டமும் சாதிப் பாகுபாட்டு வழக்குகளும்

சாதிப் பாகுபாட்டை எவரும் கோப்பில் எழுதிவைத்துச் செய்வதில்லை. ஒருவருடைய சாதியை அலுவலகத்தில் முதலில் வெளிப்படுத்தியவர் யார், அவருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்ட கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பவை பெரும்பாலும் எதிர்த்தரப்பினர் மட்டுமே அறிந்தவை. அவர்களை உறுதிமொழியின்பேரில் பேசவைக்க இயலாவிடில் உரிமையியல் வழக்கு வெறும் குற்றச்சாட்டாகவே நின்றுவிடும்.

அமெரிக்காவில் இதற்கான கருவி 'டெபொசிஷன்' எனப்படும் வாக்குமூலப் பதிவு. நீதிமன்ற விசாரணை தொடங்குமுன், பெரும்பாலும் வழக்குரைஞரின் அலுவலகத்தில், நீதிபதி இல்லாமலே இது நடைபெறும். கேள்வியும் பதிலும் சொல்லுக்குச் சொல் பதிவாகும். பின்னர் நீதிமன்றத்தில் பேச்சை மாற்றுபவருக்கு எதிராக அப்பதிவே சான்றாகும்.

தலித் பொறியாளர் ஒருவரின் புகாரை ஏற்று, சிஸ்கோ நிறுவனத்தின்மீது கலிபோர்னிய அரசின் குடிமை உரிமைத் துறை (அன்று அதன் பெயர் வேறு) 2020 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதைத் திரும்பப் பெற்று, அவ்வாண்டு அக்டோபரில் சாண்டா கிளாரா மாவட்ட நீதிமன்றத்தில் மீண்டும் தாக்கல் செய்தது. அதனால் அவ்வழக்கு மாநில உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் வந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது; தகராறைத் தனியார் நடுவரிடம் அனுப்பவும் கோரியது. அரசுத் துறை அந்த நடுவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை என்பதால் 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதன் பொருள் பெரிது. நடுவர் முறையில், பொதுவாக நடுவரின் அனுமதியின்றி டெபொசிஷன் எடுக்க இயலாது. நிறுவனங்கள் நடுவரை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருத வேண்டும்.

நீதிமன்ற வழக்கில் நிலைமை வேறு. வழக்கின் தரப்பினரை வரவழைக்க அழைப்பாணை தேவையில்லை; முறைப்படி அனுப்பிய அறிவிப்பே போதும். தரப்பு ஒரு நிறுவனமாயின், அதன் இயக்குநர்களும் அதிகாரிகளும் தற்போதைய ஊழியர்களும் அவ்வறிவிப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். வேலையை விட்டுச் சென்ற மேலாளரை மட்டும் அழைப்பாணையால்தான் வரவழைக்க முடியும். குறைந்தது 10 நாள் முன்னதாக அறிவிப்பு சேர வேண்டும். பதிவு நடக்கும் இடம் அவர் வசிப்பிடத்திலிருந்து 75 மைலுக்குள் இருக்க வேண்டும். வழக்கு நடக்கும் மாவட்டத்துக்குள் என்றால் 150 மைல் வரை செல்லலாம். அறிவிப்பில் குறை காண்பவர் 3 நாள் முன்னதாகவே எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும்.

ஆட்சேபம் இன்றியே வராமல் இருந்துவிட்டால்? வருமாறு கட்டளையிடக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் அதற்குமுன், ஏன் வரவில்லை என்று அவரைத் தொடர்புகொண்டு கேட்டதாக உறுதிமொழி தர வேண்டும். இதைச் சடங்காக எண்ணிவிடக் கூடாது. கேட்பது மட்டுமன்று, சொல்லப்படும் காரணத்தைச் செவிமடுத்துத் தீர்வு காண முயல்வதும் கடமை என 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியுள்ளது. மனு ஏற்கப்பட்டால், தகுந்த நியாயம் காட்டாதவர்மீது பணத்தண்டம் விதிப்பது நீதிமன்றத்தின் கடமையாகும். கட்டளையையும் மீறினால் விளைவு கடுமையாகும்: குறிப்பிட்ட உண்மைகள் நிறுவப்பட்டவையாகக் கொள்ளப்படலாம், சான்றளிக்கும் உரிமை பறிபோகலாம், இறுதியில் அவரது வாதுரையே நீக்கப்படலாம். பணம் படைத்த நிறுவனம் தண்டத்தொகையைச் செலவுக் கணக்கில் எழுதிவிடும். வழக்கையே இழக்கும் அச்சந்தான் அதை அசைக்கும்.

நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை எடுத்த எடுப்பிலேயே அழைக்க இயலாது. அவருக்குத் தனிப்பட்ட அறிவு உண்டென்று காட்ட வேண்டும். இல்லையேல் கீழ்நிலையினரிடம் முதலில் கேட்டு முடிக்க வேண்டும் என்பது 1992 முதல் அங்கு நிலவும் நெறி. கேள்விப் பொருளை அறிவிப்பில் விவரித்து, அதனை நன்கறிந்தவரை நிறுவனமே அனுப்பக் கோருவதே நடைமுறையில் பயன்தரும்.

இக்கட்டாயம் இருபுறமும் கூருள்ள வாள். வழக்குத் தொடுத்த தொழிலாளரும் வந்தே ஆக வேண்டும். ஒருவரிடம் 7 மணிநேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்னும் பொது வரம்பு, தொழிலாளர் தம் முதலாளிமீது தொடுக்கும் வழக்குகளுக்குப் பொருந்தாது. குடும்பம், ஊர், திருமணம், சாதிச் சான்றிதழ் என்று கேள்விகள் நீளக்கூடும். அப்போது வராமல் இருப்பது தவறான வழி. பாதுகாப்பு ஆணை கோரிக் கேள்விகளின் எல்லையைக் குறுக்கவும், பதிவை முத்திரையிட்டு வைக்கவும் வேண்டலாம். புகார்தாரர் தம் பெயரை மறைக்க அனுமதிப்பது பற்றி முடிவெடுக்கும்போது, கலிபோர்னியாவுக்கு வெளியே உள்ள அவருடைய குடும்பத்தாருக்கு நேரக்கூடிய தீங்கையும் கருத வேண்டும் என்று சிஸ்கோ வழக்கிலேயே 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி கடல் கடந்தும் பழிவாங்கும் என்பதைக் கணக்கில் கொள்ள இடமளித்த தீர்ப்பு அது.

இந்திய உரிமையியல் நடைமுறையில் இத்தகைய முன்பதிவு வழக்கம் இல்லை. எழுத்து வினாக்களும் நீதிமன்றக் குறுக்கு விசாரணையுமே உண்டு. எனினும் கட்டளை 16, விதி 20இன்படி, நீதிமன்றத்தில் இருக்கும் தரப்பினர் நியாயமான காரணமின்றிச் சாட்சியம் தர மறுத்தால் அவருக்கெதிராகத் தீர்ப்பளிக்கலாம். சாட்சிக்கூண்டில் ஏறித் தம் கூற்றை உறுதிமொழியுடன் சொல்ல முன்வராதவரின் வாதம் பொய்யென அனுமானிக்கப்படும் என்று 1999இல் வித்யாதர் எதிர் மாணிக்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது.