தேறலும் தோப்பியும்

போடிநாயக்கனூரை ஒட்டி ஓடும் கொட்டகுடி ஆறு மேற்கு மலைச்சரிவில் பிறந்து வைகையை நாடுகிறது. அவ்வைகையின் கழிமுகத்தருகே உள்ள அழகன்குளத்து அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. உள்ளூர் மதுவையும் கடல்கடந்து வந்ததையும் ஒப்பிட்டுச் சுவைப்பதை இன்றைய பியர் அன்பர்களின் புதுமை என்று நாம் எண்ணுகிறோம். நம் பழம்பாடல்கள் அதை மறுக்கின்றன.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் அருந்தி இனிது வாழ்க எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அவர் பெயராலேயே வழங்கும் திருமுருகாற்றுப்படையில், மலைக்குறவர் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளைச் சுற்றத்தோடு உண்டு குரவையாடுகின்றனர். அரசனுக்குப் பொற்கலம், குறவர்க்கு மூங்கில்.

இல்லங்களில் அரிசியால் ஆக்கிய கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை, தொண்டைநாட்டு வலைஞர் கள் சமைத்த முறையையே விரித்துரைக்கிறது: அரிசிக்கூழை அகன்ற தட்டில் ஆற்றி, முளையரிசி அடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் ஊறவிட்டுச் சாடியில் முதிரவைப்பர். முளைவிட்ட தானியத்தால் மாவுச்சத்து இனிப்பாகிப் பின் நொதிப்பதே பியருக்கும் அடிப்படை.

யவனர் சாடி சுட்டமண், உடைந்தும் நிலைத்தது. மூங்கிலோ மக்கிப்போயிற்று. ஓடுகளை மட்டும் எண்ணி வரலாறு எழுதினால், அரண்மனைக்கு வந்த அயல்மது மட்டுமே அதில் இடம்பெறும். மலைக்குடிகளின் சுவைக்குப் பாட்டொன்றே சான்று.