சீன எழுத்தின் உறுப்புகள்

சீன எழுத்துகளில் பெரும்பாலானவை சிறு உறுப்புகள் பல சேர்ந்து, ஒரு சதுர இடத்துக்குள் அமைந்தவை. மரத்துக்கான எழுத்தை இருமுறை எழுதினால் தோப்பு. மும்முறை எழுதினால் அடர்காடு. அழகான இந்த வகையைத்தான் பலரும் எடுத்துக்காட்டுவர், ஆனால் இது சிறுபான்மையே. மிகுதியான எழுத்துகளில் ஓர் உறுப்பு பொருளையும் மற்றொன்று ஒலியையும் சுட்டுகிறது. தாயைக் குறிக்கும் 'மா' எழுத்தில் இடப்புறம் பெண், வலப்புறம் குதிரை. குதிரைக்கு அங்கே பொருள் வேலை எதுவுமில்லை. அதன் பெயரும் வேறொரு தொனியில் 'மா' என்பதால் வந்து நிற்கிறது. ஆறு, ஏரி, கடல் எழுத்துகளின் இடப்பக்கத்து மூன்று புள்ளிகள் நீரின் சுருங்கிய வடிவம். ஒலியுறுப்பை முழுதும் நம்ப இயலாது. யாங்சி ஆற்றைக் குறிக்கும் 'ஜியாங்' எழுத்தின் ஒலியுறுப்பு இன்று 'கோங்' என்று ஒலிக்கிறது. நூற்றாண்டுகளில் உச்சரிப்புகள் விலகிவிட்டன.

கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியேசி' அகராதி 9,353 எழுத்துகளை 540 தலையுறுப்புகளின்கீழ், அதாவது பல எழுத்துகளுக்குப் பொதுவான உறுப்புகளின்கீழ், வகுத்தது. அகராதிக் கலையின் மாபெரும் சாதனைகளுள் ஒன்று அது. 1716இல் வெளிவந்த காங்ஷி அகராதியில் தலையுறுப்புகள் 214. அச்சு அகராதியில் எழுத்தைத் தேடுவோர் முதலில் தலையுறுப்பைக் கண்டு, பின் எஞ்சிய கோடுகளை எண்ணுவர்.