நாகாஷினோவின் நிலமும் போர்மேசையின் நிலமும்

சாமுராய்ப் படைகளின் சிற்றுருவங்களை மேசைமீது நிறுத்தி ஆடும் போர்விளையாட்டுக்கு நிலக்காட்சி அமைப்போர் பெரும்பாலும் முதலில் தேடுவன மூன்று: பூத்துக் குலுங்கும் இளஞ்சிவப்புச் செர்ரி மரங்கள், தோரி எனப்படும் செந்நிற ஆலய வாயில், வெண்சுவர்க் கோட்டை. ஜப்பான் என்று கண்டவுடன் இவை உணர்த்திவிடும். 16ஆம் நூற்றாண்டுப் போர்க்களத்தை உணர்த்துமா என்பது வேறு வினா. ஹிமேஜிக் கோட்டையின் இன்றைய முதன்மைக் கோபுரம் 1609இல்தான் முடிவுற்றது; அதற்குள் செகிகஹாராப் போர் நடந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இலை தளிர்க்குமுன் மரமெங்கும் பூக்கும் சோமெய் யோஷினோ செர்ரி 19ஆம் நூற்றாண்டில் பரவிய வகை.

இவற்றை அலங்காரப் பிழைகள் என்று கடந்துவிடலாம். ஆனால் நாகாஷினோப் போரை மேசையில் அமைக்கும்போது, நிலக்காட்சியின் பிழை வரலாற்று விளக்கத்தின் பிழையாகவே மாறிவிடுகிறது.

1575ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் ஓடா நோபுனாகா, டோகுகாவா இயேயாசு ஆகியோரின் கூட்டுப்படை டகேடா கட்சுயோரியின் படையை முறியடித்தது. மூவாயிரம் துப்பாக்கி வீரர்கள் மூன்று வரிசைகளாக நின்று மாறிமாறிச் சுட்டதால் குதிரைப்படை அழிந்தது என்பது பரவலாக அறியப்பட்ட கதை. நோபுனாகாவிடம் பணிபுரிந்த ஓட்டா கியூஇச்சியின் ‘ஷின்சோ கோகி’யில் இந்தச் சுழல்முறைச் சூடு இல்லை, 17ஆம் நூற்றாண்டின் மறுகூறலில்தான் அது இடம்பெறுகிறது. பச்சை விரிப்பு போர்த்திய சமதள மேசையோ இக்கதைக்கே இடமளிக்கிறது. தடையின்றி ஓடிவரும் குதிரைகளை நிறுத்துவதற்கு அங்கே துப்பாக்கியைத் தவிர வேறொன்றும் இல்லை. குரோசாவாவின் ‘ககேமுஷா’வும் (1980) இதைத் திறந்த வெளியாகவே காட்டியது.

போர் நடந்த ஷிதாராகஹாரா அத்தகைய வெளியன்று. தாழ்ந்த குன்றுத் தொடர்களுக்கு இடையே ரெங்கோ என்னும் சிற்றாறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கு அது. காலமோ கார்மழைப் பருவம். சேற்று நிலத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர்ச்சரிவில் நடப்பட்ட மரவேலியை நோக்கி ஏறவேண்டிய படைக்கு, முதல் குண்டு பாயுமுன்பே வேகம் தளர்ந்திருக்கும். அதைவிட முதன்மையான செய்தி ஒன்றையும் கியூஇச்சி தருகிறார்: அவ்விடம் தாழ்ந்திருந்ததால், ஏறத்தாழ முப்பதாயிரம் வீரரை எதிரியின் கண்ணில் படாதவாறு நோபுனாகா நிறுத்தினார். கட்சுயோரி ஏன் தாக்கத் துணிந்தார் என்ற பழைய வினாவுக்கு விடையின் ஒரு பகுதி இம்மண்மேட்டில் இருக்கிறது. இரு தரப்பும் மேலிருந்து அனைத்தையும் காணும் மேசையில் அவ்வினா எழுவதே இல்லை.

ஆகவே நாகாஷினோவுக்கு வாங்கவேண்டியவை எளியவை: வரப்புகளோடு கூடிய நீர் நிறைந்த வயல்துண்டுகள், குறுகிய ஓடை, இடைவெளிகள் விட்ட மரவேலி, ஓரிரு கூரைவீடுகள், மெலிந்த பைன் மரங்கள் நிற்கும் குன்றுகள். இன்று ஜப்பானிய மலைகளில் காணும் நெருக்கமான சுகி மரத்தோப்புகளைப் பார்த்து அடர்காடு நடவேண்டியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டாம் உலகப்போருக்குப் பின் நடப்பட்டவை. செர்ரிப் பூவுக்கு ஜூனில் வேலையே இல்லை.

மேசையின் கிழக்கு விளிம்பும் கவனத்துக்குரியது. விடியற்காலையில் சக்காய் தடட்சுகு தலைமையிலான பிரிவு தோபிகசுயாமாக் குன்றிலிருந்த டகேடா முற்றுகை அரணைத் தாக்கிக் கைப்பற்றியது. இது நடந்தது சில கிலோமீட்டர் தொலைவில், பெரும்பாலான மேசைகளுக்கு வெளியே. பின்புறம் அடைபட்ட ஒரு படையே முன்னோக்கிப் பாய்ந்தது என்பதை, அக்குன்று இல்லாத மேசை காட்டுவதில்லை.