மறுபக்கக் காது

என் அப்பாவுக்கு இரண்டு பிறந்தநாள். மார்கழியில் வருவது அப்பத்தாவின் கணக்கு. ஜூன் 1 சர்க்கார் கணக்கு. அவர் வயதுக்காரர்களில் பலருக்கும் இதே கதைதான். மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்றே சான்றிதழ் சொல்லும். ஒரு தலைமுறையே கோடை விடுமுறையில் பிறந்துவிட்டதோ என்று தோன்றும். அந்தத் தேதிகளைப் பெற்றெடுத்தது தாய்மார் அல்ல, தலைமையாசிரியரின் மேசை.

1969 ஜூன், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்று. அப்பத்தா மகனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறாள்.

"என்னிக்குப் பொறந்தான் தாயி?"

"புயலடிச்சுத் தனுஷ்கோடி போச்சுல்லய்யா, அந்த வாரந்தான்."

அது 1964 டிசம்பர் 22 இரவு. அதைவிடத் துல்லியமாக ஒரு பிறந்த வாரத்தைச் சொல்ல முடியாது. ஆனால் வாத்தியார் அதைக் கணக்குப் பார்க்கவில்லை. "வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடுடா" என்றார். அப்பா தலையைச் சாய்த்துக் காதை விரலுக்குக் கொண்டுவரப் பார்த்தாராம். வாத்தியார் மோவாயைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். கை நீளமான பையன், அப்படியும் தொட்டுவிட்டான். பதிவேட்டில் 1.6.1964 ஏறியது. பள்ளி திறக்கும் நாளில் ஐந்து முடிந்துவிட்டது, எல்லாம் சரி.

இந்தக் காது எப்படிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதற்கு வேலை இருந்ததில்லை. விஜயதசமியன்று பச்சரிசியில் விரலைப் பிடித்து எழுதவைப்பார்கள். மூன்றோ ஐந்தோ, வீட்டார் விருப்பம். மணலில் எழுதும் சின்னவனும் சுவடி படிக்கும் பெரியவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள், சின்னவனுக்குச் சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுத்தான். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் செய்து பார்த்து, 1796இல் ஊர் திரும்பியபோது இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நாம் முறையைக் கொடுத்தோம். வந்து சேர்ந்ததோ வகுப்பும் பதிவேடும் வயதும்.

வயது என்பது அங்கேயே அப்போது புதுச் சரக்கு. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் ஐந்திலிருந்து பதின்மூன்று வரை கட்டாயப்படுத்த உள்ளூர்ப் பள்ளி வாரியங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. சீக்கிரம் சேர்த்தால் சீக்கிரம் முடித்து வேலைக்கு அனுப்பலாம் என்ற எண்ணமும் அந்த ஐந்துக்குப் பின்னால் இருந்தது. குழந்தை ஆயத்தமா என்ற ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல அது.

நம் ஊரில் எண் வந்துவிட்டது, எண்ணைக் காட்டும் காகிதம் வரவில்லை. சென்னை மாகாணத்தில் பிறப்புப் பதிவுக்கு 1899இலேயே சட்டம் உண்டு. கிராம முன்சீப்பின் பேரேட்டில் 'ஆண் மகவு' என்று ஒரு வரி கிடக்கும். அதை நகலெடுத்து வீட்டில் வைத்திருந்தவர் எத்தனை பேர்? காமராசர் காலத்தில் ஊர் ஊராகப் பள்ளி திறந்து, மதியச் சாப்பாடும் போட்டபோது, காகிதமே பார்த்திராத வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். வாத்தியார் கையில் மிச்சமிருந்த ஒரே ஆவணம் பிள்ளையின் உடம்பு.

அந்த உடம்பு பெரிதாகப் பொய் சொல்லாது. பிறந்த குழந்தைக்குத் தலை மட்டும் மொத்த நீளத்தில் கால்பங்கு. வளர்ந்தவருக்கு ஏறத்தாழ எட்டில் ஒன்று. கைக்குழந்தை கையைத் தூக்கினால் உச்சியைத் தாண்டுவதே பாடு. பிறகு தலை மெதுவாகவும் கைகால் வேகமாகவும் வளர்ந்து, ஐந்து முதல் ஏழு வயதுக்குள் விரல் மறுபக்கக் காதுக்குப் போய்ச் சேர்கிறது. ஆறு வயதை ஒட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைப்பதும் இந்தச் சமயத்தில்தான். ஜெர்மனியில் இதே சோதனைக்குப் 'பிலிப்பைன்ஸ் அளவு' என்று பெயர். ஆப்பிரிக்காவிலும் இப்படிக் காதைத் தொட்டுப் பள்ளிக்குப் போன பெரியவர்கள் இருக்கிறார்கள். யார் கண்டுபிடித்தது என்று தேடுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். வயதைக் கேட்கும் பள்ளியும் வயதைக் குறித்துவைக்காத வீடும் சந்தித்த இடத்திலெல்லாம் கை தானாகத் தலைக்கு மேல் போயிருக்கும்.

இதில் அநியாயமும் உண்டு. சோறு குறைந்த வீட்டில் வளர்ச்சி குன்றிய ஏழு வயதுப் பிள்ளைக்குக் காது எட்டாமல் போகலாம். "அடுத்த வருஷம் வா" என்றால் பசித்தவனுக்கு மதியச் சாப்பாடும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒல்லியாய் நெடுநெடுவென்று வளர்ந்தவன் நாலரையிலேயே உள்ளே. அம்மாவை விட்டு உட்கார்வானா, ஒன்றுக்கு வந்தால் வாய்திறந்து சொல்வானா என்பதெல்லாம் காதுக்குத் தெரியாது. என் அப்பா முதல் மாதம் முழுக்கத் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

அந்த ஜூன் 1 அவரை விடவில்லை. மத்திய அரசு வேலையில், மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வுபெற வேண்டும். பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதென்றால் வேலையில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும். 2024 மே 31 அன்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்பத்தா கணக்குப்படி டிசம்பர் கடைசி வரை இருந்திருக்கலாம். ஏழு மாதச் சம்பளம் காதோடு போயிற்று.

அப்பா பள்ளியில் சேர்ந்த அதே 1969இல்தான் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. சான்றிதழ் பெருகப் பெருகக் கை கீழே இறங்கியது. இன்று தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு என்கிறது; தமிழ்நாடு ஐந்திலேயே நிற்கிறது. தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இலவச இடங்களில் எல்கேஜி சேர, ஜூலை 31 அன்று மூன்று முடிந்திருக்க வேண்டும். என் தங்கை மகள் பிறந்தது ஆகஸ்ட் 2. விண்ணப்பம் போடவே வழியில்லை. வாத்தியாராக இருந்தால் அப்பத்தா கெஞ்சியிருப்பாள். கணினித் திரையிடம் என்ன கெஞ்சுவது?

அன்று மாலை அப்பா பேத்தியைத் திண்ணையில் நிறுத்தி, "எங்கே, அந்தப் பக்கக் காதைத் தொடு பார்ப்போம்" என்றார். உச்சிக்குடுமியோடு விரல் நின்றுவிட்டது. ஒரு நிமிடம் யோசித்தவள் தலையை நன்றாகச் சாய்த்துக் காதைப் பிடித்துவிட்டாள். மோவாயை நிமிர்த்தப் போன அப்பாவின் கை பாதியில் நின்றது.