உழைத்தவர்கள் வாங்கிய பத்திரிகை

1956. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நாளிதழ்கள் நடத்திவந்த பெனின்சுலா நியூஸ்பேப்பர்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர்கள் இருவரும் எண்பது வயதைத் தாண்டியிருந்தார்கள். ஓய்வெடுக்க வேண்டிய காலம். வெளியாள் யாருக்கோ விற்பதைவிட, கூடவே பாடுபட்டவர்களிடம் பத்திரிகையை ஒப்படைக்க அவர்களுக்கு ஆசை. மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள் அத்தனை பணத்துக்கு எங்கே போவார்கள்? எல்லோருடைய சேமிப்பையும் கொட்டினாலும் எட்டாது.

சிக்கல் லூயிஸ் கெல்சோ என்ற சான் பிரான்சிஸ்கோ வழக்கறிஞரிடம் வந்தது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் இளைஞனாக இருந்தவர் அவர். ஆலைகள் சும்மா கிடக்க, வேலை செய்யத் தெம்புள்ளவர்கள் சரக்கு ரயில்களில் ஊர் ஊராகத் திரிந்த காட்சி அவரை விடவே இல்லை. அதன் காரணத்தைத் தேடியவர், சொத்து யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியில் வந்து நின்றார்.

வசதியுள்ளவர் ஒரு தொழிலை வாங்கும்போது விலை முழுவதையும் தன் பையிலிருந்தா எடுக்கிறார்? வங்கியில் கடன் வாங்குகிறார். வாங்கிய தொழிலின் லாபத்திலிருந்தே அதை அடைக்கிறார். கடன் தீரும்போது தொழில் அவருடையது. இந்த வழி தொழிலாளிக்கு மட்டும் ஏன் மூடியிருக்க வேண்டும் என்று கேட்டார் கெல்சோ.

திறக்கும் சாவி வரிச் சட்டத்திலேயே கிடந்தது. ஊழியர் நலனுக்கான அறக்கட்டளைக்கு நிறுவனம் தரும் தொகைக்கு, வரம்புக்குள், வரிவிலக்கு உண்டு. அப்படியொரு அறக்கட்டளை கடன் வாங்கி உரிமையாளர்களின் பங்குகளை வாங்கட்டும். நிறுவனம் ஆண்டுதோறும் தரும் பணத்தில் தவணை கட்டட்டும் என்றார். சாதாரணக் கடனில் வட்டிக்குத்தான் வரிச்சலுகை. இங்கே அசலும் வரி கட்டாத லாபத்திலிருந்தே அடைபடும். அடைபட அடைபட, பங்குகள் ஒவ்வொரு ஊழியர் கணக்கிலும் சேரும். ஊழியர் வீட்டை அடகு வைக்க வேண்டாம். சம்பளத்தில் பிடித்தமும் வேண்டாம். பிறர் கண்ணில் வெறும் கணக்கு விவரமாகப் பட்டிருக்கக்கூடிய ஒரு விதியில் கெல்சோ ஒரு வாசலைப் பார்த்தார். அவருடைய மேதைமை அங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஊழியர் பங்குடைமைத் திட்டம் பிறந்தது இப்படித்தான். ஆங்கில முதலெழுத்துகளில் ஈசாப். நம் ஐடி நிறுவனங்களில் புழங்கும் ஈசாப் வேறு: அது, குறித்த விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, பணம் ஊழியரே போட வேண்டும்.

1973இல் கெல்சோ, செனட்டின் நிதிக் குழுத் தலைவர் ரஸல் லாங்கைச் சந்தித்து இதை விளக்கினார். லாங் உறுதியான ஆதரவாளராக மாறினார்; 1974ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தில் திட்டம் இடம்பிடித்தது. இன்று அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட ஈசாப்கள் உள்ளன. பிள்ளைகள் தொழிலுக்கு வராத சிறு முதலாளிகள் பலர் தேடி வரும் வழி இது. ஓரிகனில் பாப்ஸ் ரெட் மில் என்ற தானிய ஆலையை நடத்திய பாப் மூர், 2010இல், தன் 81ஆவது பிறந்தநாளன்று, ஈசாப் வழியாக ஆலையை ஊழியர்களுக்கு உடைமையாக்கும் திட்டத்தை அறிவித்தார்.

பாலோ ஆல்டோ பத்திரிகையோ பின்னாளில் சிக்காகோவின் ட்ரிப்யூன் நிறுவனத்திடம் போய், 1993இல் நின்றுபோனது. அந்த ட்ரிப்யூனையே 2007இல் சாம் ஸெல் என்ற செல்வந்தர் ஈசாப் வழியாகக் கைப்பற்றினார். ஊழியர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நிறுவனத்தின் தலையில் ஏறிய மொத்தக் கடன் ஏறத்தாழ 1,300 கோடி டாலர்; விளம்பர வருமானமோ சரிந்துகொண்டிருந்தது. 2008 டிசம்பரில் ட்ரிப்யூன் திவால் மனு போட்டது. பாலோ ஆல்டோவில் எழுந்தது முதியவர்கள் தங்கள் ஆட்களுக்காகத் தேடிய கடன். சிக்காகோவில் எழுந்ததோ வேறொருவருடைய பேரத்துக்காக ஊழியர் பெயரில் எழுதப்பட்ட கடன். அறக்கட்டளையில் அவர்களுக்கென்று இருந்த பங்குகள் செல்லாமல் போயின.