பெண்ணின் பெயரில் நின்ற வீடு

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ‘யூதர் வீடு’ என்றொரு கல்வீடு உண்டு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்டது. கீழே தெருவை நோக்கிய கடைகள், மேலே கூடம், கூடத்துக் கணப்பின் புகைபோக்கி வாசல் வளைவின் மீதே எழுகிறது. அது பெலசெட் என்னும் யூதப் பெண்ணின் உடைமையாக இருந்தது. நாணயத்தைச் செதுக்கினாள் என்று குற்றஞ்சாட்டி அவளைத் தூக்கிலிட்டனர், வீடு பறிமுதலாயிற்று. 1290இல் மன்னன் முதலாம் எட்வர்ட் யூதர் அனைவரையும் நாட்டை விட்டே துரத்தினான். மனிதர் போயினர், கல் நின்றது.

கல்முனைக் கரையில் நிகழ்ந்தது இதன் மறுதலை. 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுள் ஏறக்குறைய 4,000 பேரைக் கண்டியரசன் செனரத் கிழக்கில் குடியமர்த்தினான் என்பர். அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். அம்மக்களின் வழியினர் இன்றும் இருக்கின்றனர். அக்காலத்து வீடுகளோ இல்லை. கண்டி நாட்டில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் ஒரு காரணத்தைக் காட்டுகிறார்: அங்கே குடிமக்கள் மாடி எழுப்பலாகாது, ஓடு வேயலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் ஏழையின் இரசனைக் குறைவு என்று எண்ணுவோர் இதைச் சிந்திப்பாராக!

ஆயினும் அந்த மண்வீட்டுக்கு ஓர் உறுதி இருந்தது. மகள் மணமுடிக்கும்போது வீடு அவளுக்குச் சீதனமாகும். மாப்பிள்ளையே அங்கு வந்து வாழ்வான். அடுத்த மகளுக்கு அருகிலேயே இன்னொரு வீடு எழும்; பெற்றோர் ஒதுங்கிக் கொள்வர். அயலிலுள்ள தமிழ் இந்துக்களிடமும் இதே வழக்கம்தான். குடியும் தாய்வழியே, பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்காயர்களும் அக்குடிகளின் சார்பிலேயே அமர்ந்தனர். இதில் சுமை இல்லாமலில்லை. சகோதரியின் வீட்டுக்காக வளைகுடாவில் வெயிலில் வேகும் இளைஞரைக் கேட்டால் தெரியும். ஆனால் கணவன் கைவிட்டாலும் தெருவுக்கு வராத பெண்ணை உருவாக்கியதும் இவ்வழக்கமே.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வளவுகள் அழிந்தன. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று கிழக்கில் முதலில் தடை வந்தது. பின்னர் அது தளர்ந்தது. மாற்று வீடுகள் வந்தபோது படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் ஆணின் பெயரே ஏறிற்று. கூட்டுரிமையாவது வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் கேட்கவேண்டியதாயிற்று. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளவுக்கு ஈடாகக் கிடைத்த வீட்டில் பாதியை!